கேத்திலும் குடையும் இல்லாத மழைநாள்

"பெட்டை படிச்சால் தேத்தண்ணியில சாயம் கூடவா இறங்கப்போகுது?"

மாமா இப்படிக் கேட்டபோது எனக்கு ஏழு வயது. திருகோணமலை இறங்குதுறைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தேநீர்க்கடையில், மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார். என்னைக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, கோப்பை கழுவ வைத்துக்கொள்வதா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்த காலம். லோஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. நான் போனேன். அங்கே நிற்காமல் இங்கிலாந்து வரை போய்த் தாதியாகவும் ஆனேன். மூன்று வருடம் கழித்து ஒரு மாத விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டபோது, மாமாவின் கேள்விக்குப் பதிலாக ஒரு சாமான் வாங்கினேன். மின்சாரக் கேத்தில். விறகில்லை, புகையில்லை, மூன்று நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கும். சாயம் கூட இறங்குமா என்று பார்த்துவிடலாம்.

எந்த விமானம், எந்த ரயில் என்பதெல்லாம் யாருக்கும் உதவாத விபரம். திருகோணமலைக்குப் போகும் வழியில், கந்தளாயில் பஸ் நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பஸ் சூடேறி நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி எழும்பியது. தண்ணீர் அள்ளப் பாத்திரம் தேடிய கொண்டக்டரின் கண், என் மடியிலிருந்த பெட்டியில் போட்டிருந்த படத்தில் விழுந்தது.

"தங்கச்சி, அதை ஒருக்கால் தாங்கோ."

"இது கரண்ட் கேத்தில். புதுசு."

"கரண்ட் வேண்டாம். தண்ணி பிடிக்குமோ?"

இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் உண்டு. கொடுத்தேன். குளத்துத் தண்ணீர் நான்கு தடவை என் கேத்திலில் வந்து பஸ்ஸின் வாயில் இறங்கியது. எனக்குப் பக்கத்திலிருந்த சிங்களக் கிழவி தன் மகளிடம் சிங்களத்தில், "பாவம், இந்தப் பெண்ணின் சீதனமாக இருக்கும்" என்றார். பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டதும் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"கேத்தில் வெல்லுமடா!"

பாதி பஸ் கைதட்டியது. மறுபாதி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு கேத்திலுக்கு எதிரிகள் எப்படி இருக்க முடியும் என்று திருகோணமலை வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் இறங்கியதும் விளங்கியது. மதில்களில், மின்கம்பங்களில், மீன் சந்தைச் சுவரில் எல்லாம் கேத்தில் படம். அதற்குக் கீழே மாமாவின் முகம். அதன்மேல் பாதி மறைத்து ஒட்டப்பட்ட இன்னொரு தாளில் விரித்த குடை, அதற்குக் கீழே இரும்புக்கடை முதலாளியின் முகம். எங்கள் வட்டாரத்து உறுப்பினர் காலமாகிவிட்டதால் நகரசபைக்கு இடைத்தேர்தல். இங்கிலாந்தில் வாக்குச்சீட்டில் எழுத்து மட்டும்தான் இருக்கும். இங்கே எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம். மாமாவுக்குக் கிடைத்தது கேத்தில்.

மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்ட அப்பா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பெரிய நாட்டில உனக்கு வேற சாமான் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

கடையிலிருந்த லோஞ்ச் காக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் மூதூர்க்காரர், முஸ்லிம். அங்கே அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். லோஞ்ச் ஓட்டுகிற நேரம் போக மீதி நேரம் எங்கள் கடை வாங்குப் பலகையில்தான் இருப்பார். "கேள்விப்பட்டம் மகள்! கந்தளாயில பஸ்ஸே கேத்திலுக்கு வாக்குப் போட்டிட்டுதாமே!"

அப்பா சிரிக்கவில்லை. எங்கள் கடை நிற்பது சபையின் நிலத்தில். ஒவ்வொரு ஜனவரியும் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். வட்டார உறுப்பினர் ஒரு சொல் சொன்னால் போதும், கடை இருக்கும் அல்லது இருக்காது. வேட்பாளர்களில் ஒருவர் அம்மாவின் சொந்தத் தம்பி என்பதால் அப்பா ஏற்கெனவே சந்தேகத்துக்கு ஆளாகியிருந்தார். ஆகவே தேர்தல் அறிவித்த நாளிலிருந்து மனிதர் தராசு மாதிரி வாழ்ந்துகொண்டிருந்தார். குடைக்காரரின் ஆளுக்கு ஒரு வடை என்றால் கேத்தில்காரரின் ஆளுக்கும் ஒரு வடை. சீனிக்குக் கூப்பன் இருந்த காலம், தேத்தண்ணியோடு கடித்துக் குடிக்க இனிப்புத் துண்டுதான் கொடுப்பார்கள். அதையும் இரண்டு பக்கத்துக்கும் அளவு பார்த்து உடைத்தார். கடைக்கு எதிரேயிருந்த வெளியில் கூட்டம் நடந்தால் ஒலிபெருக்கிக்குக் கரண்ட் எங்கள் கடையிலிருந்துதான் போகும். ஒருநாள் குடைக்கு, ஒருநாள் கேத்திலுக்கு. இந்தத் தராசின் ஒரு தட்டில் நான் இங்கிலாந்திலிருந்து வந்து கேத்திலை வைத்துவிட்டேன்.

கேத்தில் அலுமாரிக்குள், அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே போனது.

மறுநாள் காலையில் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் வெற்றி.

"மருமகளே, நல்ல நேரம் பார்த்துத்தான் கொண்டு வந்திருக்கிறீர். பின்னேரம் ஊர்வலம். லொறியில முன்னுக்கு வைச்சுக் கொண்டுபோவம்."

"ஏலாது மாமா. இது சாயம் இறங்குதோ எண்டு பாக்க வாங்கினது."

"எந்தச் சாயம்?"

பத்து வருடத்துக்கு மேலாக நான் சுமந்து திரிந்த வார்த்தை அவருக்கு நினைவே இல்லை. இங்கிலாந்தில் பனியில் வேலைக்கு நடந்த காலைகளில் எல்லாம் அவருக்கு மனதுக்குள் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது கேள்வியையும் நானே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் மழை. பாணும் கட்டைச் சம்பலும் சூடை மீன் சொதியுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, குசினியில் அம்மாவுக்கு அந்த நாட்டுக் கதைகள் சொன்னேன். என் அறையில் சுவரோடு ஒரு பெட்டி இருக்கிறது, காசு போட்டால்தான் அறைக்குக் கரண்ட் வரும் என்றேன்.

"உண்டியல் மாதிரியோ? காசு போட்டாப் பிறகாவது கேட்டது கிடைக்குதோ?"

"கிடைக்கும். ஒரு மணித்தியாலம்."

"அப்ப எங்கட கோயிலைவிடத் திறம்."

உடுப்புத் தோய்க்க ஒரு கடை உண்டு, பொம்பிளைகள் வரிசையாக இருந்து மெஷினுக்குள் உடுப்புச் சுழல்வதைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றேன். "அதில கதை ஒண்டும் வராதோ?" என்று கேட்டார். போன குளிர்காலத்தில் அங்கேயும் நாள்தோறும் கரண்ட்டை நிறுத்தினார்கள், வெள்ளைக்காரர்கள் மெழுகுதிரிக்கு வரிசையில் நின்றார்கள் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த நாட்டைப் பற்றி நான் சொன்னவற்றில் அவருக்கு முழு நம்பிக்கை ஏற்பட்டது இதில் மட்டும்தான்.

பிறகு, அந்தக் கேத்தில் கொதிப்பதைத் தான் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டில் மின்சாரம் இல்லை. கடையில்தான் உண்டு. அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது, எதிரே குடைக்காரரின் கூட்டம். அப்பா லோஞ்ச் துறைக்குப் பால் எடுக்கப் போயிருந்தார்.

"அவை மேடையில கத்தேக்க ஆர் எங்களைப் பாக்கப்போகினம்? கொண்டா" என்றார் அம்மா.

கேத்திலின் பிளக்குக்குச் சதுரக் கால்கள். கடைச் சுவரில் வட்டத் துளைகள். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களைத் துளைக்குள் விட்டு நெருப்புக் குச்சியால் இறுக்கினேன். இங்கிலாந்தில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். எங்கள் ஊரில் இதைச் செய்யத் தெரியாதவருக்கு மின்சாரமே தெரியாது என்று அர்த்தம். கேத்தில் மெல்ல முனகத் தொடங்கியது. எதிரே மேடையில் குடைக்காரரின் குரல் உச்சத்தில் இருந்தது.

"இந்த வட்டாரத்தில் என்னுடைய வாயை எவனாலும் அடைக்க..."

அடைபட்டது. ஒலிபெருக்கி, மேடை விளக்கு, கடை விளக்கு எல்லாம் ஒன்றாகப் போயின.

மங்கிய வெளிச்சத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "கொதிச்சிட்டுதோ?"

குடைக்காரர் டோர்ச் லைற்றோடு நேரே எங்கள் கடைக்கு வந்தார். வெளிச்சம் முதலில் கேத்திலில் விழுந்தது, பிறகு நெருப்புக் குச்சிகளில், பிறகு என் முகத்தில். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. அப்போதுதான் பால் தூக்கோடு திரும்பிய அப்பாவைப் பார்த்து, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"நல்லது அண்ணை. நான் வெண்டால் ஜனவரியில உங்கட பேருக்கு இந்தக் கடை இல்லை. இது என்ர வாக்கு."

அப்பா என்னைத் திட்டவில்லை. விளக்கு வந்ததும், சட்டம் போட்டுச் சுவரில் தொங்கிய அனுமதிப் பத்திரத்தைக் கழற்றி, சால்வையால் துடைத்து, திரும்ப மாட்டினார். திட்டியிருக்கலாம்.

அவர் போனபின் அந்தத் தாளை வாசித்தேன். நான் பிறந்த காலத்திலிருந்து அது சுவரில் தொங்குகிறது, சின்ன வயதில் அதன் முத்திரையைத்தான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்ததால் அப்பாவுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டியதுமில்லை. பத்திரம் பெற்றவர், அல்லது அவருடன் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தவர் ஒருவர், அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏழாவது வரியில் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

தேர்தல் நாளன்று வானம் பிளந்துகொண்டு கொட்டியது.

வாக்குச்சாவடி எங்கள் கடைக்கு எதிரே, அந்த வெளியை ஒட்டிய பள்ளிக்கூடம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்தல் அதிகாரி விடியற்காலையிலேயே ஒழுங்கு விதியை வாசித்தார். சாவடிக்கு அருகில் எந்த வேட்பாளரின் சின்னத்தையும் காட்டக்கூடாது. அதாவது, அந்தக் கொட்டும் மழையில் எவரும் குடை பிடிக்கக்கூடாது. நனைந்து விறைத்து நிற்பவர்களுக்கு எங்கள் கடை கேத்திலில் தேத்தண்ணி ஊற்றவும் கூடாது.

தெருமுனையில் ஒரு பொலிஸ்காரர் வருகிறவர்களின் குடைகளை வாங்கிக் குவித்துக்கொண்டு நின்றார். அவருக்கு நல்ல மழைக்கோட்டு. என்னைப் பார்த்துச் சிங்களத்தில் அனுதாபமாகச் சொன்னார்: "சின்னத்தோடு போக முடியாது, நோனா. நனைந்துகொண்டு போகலாம்."

அப்பா கடைக் கேத்திலுக்குத் தலையணை உறை போட்டுப் பார்த்தார். அதிகாரி வந்து சுற்றிப் பார்த்தார்.

"உறை போட்டாலும் மூக்குத் தெரியுது ஐயா."

"மூக்கை வெட்ட ஏலாது ஐயா."

கடைசியில் பின்வளவிலிருந்து பூவாளியைக் கொண்டு வந்தேன். வைத்தியசாலையில் பழகியபடி கொதிநீரில் மூன்று தடவை அலசி, வாயிலிருந்த சல்லடையைக் கழற்றி, தேத்தண்ணியை அதற்குள் ஊற்றினோம். அதிகாரி வேட்பாளர் பட்டியலை எடுத்து, பூவாளி என்று ஏதும் சின்னம் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்தார். பட்டியலில் இருந்ததே இரண்டு பேர். திருப்தியோடு முதல் கோப்பையை அவரே வாங்கினார்.

அப்பா முதல் ஆளாகப் போய் வாக்களித்துவிட்டு வந்தார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்."

சொன்னேனே, தராசு.

அடுத்து அம்மா போய், வாக்கைப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு நான் போனேன். இந்த ஊரில் எனக்கு முதல் வாக்கு. நல்ல சேலையாகக் கட்டியிருந்தேன், அது நனைந்து சாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது. குச்சவெளியிலிருந்து வந்திருந்த எழுதுவினைஞர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புவனேஸ்வரி காலமையே போட்டிட்டா."

"நான்தான் புவனேஸ்வரி."

"அவவும் அப்பிடித்தான் வந்தவ."

சுத்தமான விரல்களை விரித்துக் காட்டினேன். கடவுச்சீட்டு இருக்கிறது, கொண்டு வரட்டுமா என்றேன். "அதில நீங்கள் இங்கிலாந்தில இருக்கிறதாய் எல்லோ போட்டிருக்கும்?" என்றார். இரண்டு வேட்பாளர்களுக்காகவும் அங்கே இருந்த முகவர்களும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். ஆள்மாறாட்டம் மற்றவனின் வேலை என்று இருவரும் அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். என் குரல் உயர்ந்தது. படித்தவள், வெளிநாட்டில் இருப்பவள், என் பெயரில் யாரோ ஒருத்தி! விசாரணை வைத்தால்தான் இங்கிருந்து நகர்வேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதிகாரி சமாதானமாகப் பட்டியலில் விரலை ஓட்டினார். "கோவியாதேங்கோ தங்கச்சி. உங்கட வீட்டில செல்லநாயகி எண்டு ஒரு ஆள் இன்னும் வரேல்லை. அவவையாவது வரச் சொல்லுங்கோ."

செல்லநாயகியா? எங்கள் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அது அம்மாவின் பெயர் என்று நினைவு வந்தது.

எடுத்த வாயை மூடிக்கொண்டேன். விசாரணை என்று வந்தால் அம்மா கூண்டில் ஏற வேண்டும். அதிகாரி எனக்கொரு சீட்டுத் தந்தார். இப்படிப்பட்டவர்களின் சீட்டைத் தனி உறையில் இட்டு ஒட்டி வைப்பார்கள், எண்ண மாட்டார்கள் என்றார். எண்ணப்படாத என் முதல் வாக்கைப் போட்டுவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, காலமை என்ன பேர் சொன்னனீங்கள்?"

"என்ன பேர் எண்டு கேட்டாங்கள். புவனான்ர அம்மா எண்டு சொன்னன். பிறகு புவனேஸ்வரி எண்டு சத்தமாக் கூப்பிட்டாங்கள். நான்தானே எண்டு போனன்."

யாரைக் குறை சொல்வது? அப்பா அவரை 'இஞ்சாரும்' என்பார். மாமா 'அக்கா' என்பார். நான் பிறந்ததிலிருந்து ஊர் முழுவதும் 'புவனான்ர அம்மா'. அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் உயிரோடு இல்லை. அங்கேயும் இன்றைக்கு அவர் அதை எடுக்காமல் வந்துவிட்டார். மாமாவின் முகவர் அந்த நேரம் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தாராம். குடையின் முகவர் இரும்புக்கடைக்குப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை, பொம்பிளைகளை ஏறெடுத்துப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"சரி, ஆருக்குப் போட்டனீங்கள்?"

"குடைக்கு."

"அம்மா! மாமா உங்கட தம்பி!"

"எங்களிட்ட ரெண்டு கேத்தில் இருக்கு. குடைதான் இல்லை."

உண்மையாகத்தான் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் மீனின் செட்டையை மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவருடைய மைபூசிய விரலைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியால் நல்லதொரு வைத்தியசாலைக் கட்டுப் போட்டேன். யாராவது கேட்டால் மீன் வெட்டும்போது பட்ட காயம்.

பின்னேரம் முடிவு வந்தது. குடை ஒரே ஒரு வாக்கால் வென்றது.

மாமா, தன் முகவர் வாசித்துக் காட்டிய பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அக்கா! செல்லநாயகி எண்டதில கோடு விழேல்லை! நீ வரேல்லையோ? நீ ஒருத்தி வந்திருந்தால் சமன், திருவுளச்சீட்டுப் போட்டிருப்பாங்கள்!"

அம்மா கட்டுப் போட்ட விரலை மடியில் மறைத்தார்.

"மழையடா தம்பி. குடை பிடிக்கவும் விடமாட்டாங்கள் எண்டாங்கள்."

மாமா பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அப்படியே போய்விட்டார். இதையெல்லாம் எழுதுவதற்கு எனக்குத் துணிவு வந்ததே மாமா வாசிப்பதில்லை என்பதால்தான். அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுபவர் லோஞ்ச் காக்கா. இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவதாகக் காக்கா சத்தியம் செய்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் குடைக்காரர் மாலையோடு கடைக்கு வந்தார். அப்பா தேத்தண்ணி வைத்தார். குடைக்காரரின் சட்டைப்பையிலும் ஒரு பட்டியல் இருந்தது.

"அண்ணை, உங்கட மனுசியைக் கும்பிட வேணும். சொந்தத் தம்பி நிண்டும் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. அவ வராததாலதான் நான் வெண்டனான். இந்த வட்டாரத்தில நடுநிலை எண்டால் அவ ஒருத்திதான்."

"அப்ப கடை..." என்றார் அப்பா.

குடைக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அது கூட்டத்துக்கு முன்னால குடுத்த வாக்கு. உங்கட பேருக்கு ஏலாது. குடுத்த வாக்கை மாத்தினால் சனம் என்ன சொல்லும்?" கோப்பையைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "அவவின்ர பேரில கேட்டால் நான் மறிக்கமாட்டன். மறிக்க எனக்கென்ன விசரோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தேன். அன்று காலை சபை அலுவலகம் திறந்தபோது வாசலில் முதல் ஆளாக நின்றது நான்தான். ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பம், ஏழாவது வரியைக் குறிப்பிட்டு, கீழே அம்மாவின் பெருவிரல் அடையாளத்தோடு உள்ளே போயிருந்தது. முத்திரை குத்திய பற்றுச்சீட்டை மேசையில் விரித்து, பெயரைச் சத்தமாக வாசித்தேன்.

"செல்லநாயகியோ?" என்றார் லோஞ்ச் காக்கா வாங்கிலிருந்து. "அது ஆரு, மகள்?"

"கடை முதலாளி" என்றேன்.